ஒரே கோப்பில் கடைச் சரக்கு முழுவதும்: வீட்டிலிருந்து இணையக்கடை நடத்துவோர் கவனத்திற்கு



சென்ற ரமளானில் பாதி நோன்பு கழிந்திருந்த ஓர் இரவு. தராவீஹ் முடிந்து வந்த நேரத்தில் நம் பகுதிச் சகோதரி ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. வீட்டிலேயே அபாயா தைத்து விற்பவர் அவர். பெருநாள் வியாபாரத்தை நம்பித் துணி எடுத்து, இரண்டு தையல்காரப் பெண்களுக்கு வேலையும் கொடுத்திருந்தார். கல்லூரியில் படிக்கும் மருமகன் முறைப் பையன் ஒருவன் அவருக்கு இணையக்கடை அமைத்துக் கொடுத்திருந்தான். முதல் முப்பது பொருள்களை ஒவ்வொன்றாக ஏற்றவே மூன்று இரவுகள் ஆயின. மீதி நூற்றுப் பத்துப் பொருள்களையும் எக்செல் பட்டியலில் எழுதி, ஒரே கோப்பாக அன்று மாலை ஏற்றிவிட்டான். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

இரவு பத்து மணிக்குள் ஒன்பது ஆர்டர்கள் வந்துவிட்டன. சகோதரி பார்த்தபோதுதான் தெரிந்தது: 2,400 ரூபாய் அபாயா 450 ரூபாய்க்கு விற்றிருக்கிறது. 450 ரூபாய் மக்கனாவுக்கு 2,400 என்று விலை நிற்கிறது. விலைகளை ஏறுவரிசையில் பார்க்க நினைத்த பையன், விலைப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டான். பெயர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. விலைகள் மட்டும் இடம் மாறிவிட்டன.

சகோதரி மறுநாள் ஒன்பது பேரையும் தாமே அழைத்துப் பேசினார். நான்கு பேர் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மூன்று பேர் மீதித் தொகையைத் தந்தார்கள். இரண்டு பேருக்கு, கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டார். “போட்ட விலை நான் போட்டதுதானே” என்றார். அந்த இழப்பு, தையல்காரப் பெண் ஒருவரின் கூலியில் பெரும்பகுதி.

அந்தப் பையனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவன் எடுத்த வழி சரியான வழிதான். நூறு பொருள் வைத்திருப்பவர் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அந்த வழியில் சில பள்ளங்கள் உண்டு. அவை எங்கே என்று தெரிந்துகொண்டால் போதும். நம் குடும்பங்களில் அபாயா, அத்தர், வளையல், தொதல், மசாலாப் பொடி என்று வீட்டிலிருந்து விற்பவர்கள் பெருகிவருவதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். வேர்டுபிரஸில் இயங்கும் வூகாமர்ஸ் என்ற இலவசக் கடை மென்பொருளை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். மற்றக் கடை மென்பொருள்களிலும் தலைப்புகள் மாறுமே தவிர, முறை ஏறக்குறைய இதுதான்.

கோப்பு என்றால் என்ன?

நாம் ஏற்றுவது சிஎஸ்வி என்ற வகைக் கோப்பு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மளிகைக் கடைச் சீட்டு மாதிரிதான். ஒரு பொருளுக்கு ஒரு வரி. ஒரு வரிக்குள் ஒவ்வொரு விவரத்தையும் காற்புள்ளி பிரிக்கும். இப்படி:

பெயர்,விலை,இருப்பு
கருப்பு மக்கனா,450,12
ரோஜா அத்தர்,180,25

காற்புள்ளிதான் வேலி என்பதால், விவரத்துக்குள்ளேயே காற்புள்ளி வந்தால் குழப்பம். “தொதல், கால் கிலோ” என்று பெயர் வைத்தால், கணினி அதை இரண்டு விவரமாக எடுத்துக்கொள்ளக்கூடும். அப்படிப்பட்ட விவரத்தை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டும் இதைத் தாமாகவே செய்துவிடும். நோட்பேடில் கையால் எழுதுபவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே பட்டியலை எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ தயாரித்து, கடைசியில் சிஎஸ்வியாகச் சேமிப்பதே நல்லது.

இந்தக் கட்டுரையில் குறுக்கே போவதை வரி என்றும், மேலிருந்து கீழே இறங்குவதைப் பத்தி என்றும் சொல்கிறோம்.

பட்டியலில் என்னென்ன பத்திகள் வேண்டும்?

தலைப்புகளை நாமாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முதலில் கடையில் இரண்டு மூன்று பொருள்களைக் கையால் ஏற்றுங்கள். பிறகு ‘பிராடக்ட்ஸ்’ பக்கத்தில் உள்ள ‘எக்ஸ்போர்ட்’ பொத்தானை அழுத்தி, அவற்றைக் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். கடை எதிர்பார்க்கும் தலைப்புகள் எல்லாம் சரியான எழுத்தில் அதில் இருக்கும். அந்தக் கோப்பையே அச்சாக வைத்துக்கொண்டால், ஏற்றும்போது எந்தப் பத்தி எதற்கு என்பதைக் கடை தானாகவே புரிந்துகொள்ளும். முக்கியமானவை இவை:

சரக்கு எண். இதை எஸ்கேயு என்பார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் நாம் வைக்கும் தனி எண். பெயர் மாறலாம், விலை மாறலாம்; இந்த எண் மாறக்கூடாது. நாளை விலையை மாற்றும்போது கடை பொருளை அடையாளம் காண்பது இதை வைத்துத்தான். ஒரே எண்ணை இரண்டு பொருளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வகை. அளவு வேறுபாடு இல்லாத பொருளுக்கு ‘சிம்பிள்’. அளவு, நிறம் என்று பிரியும் பொருளுக்கு ‘வேரியபிள்’. இதைப் பின்னால் விளக்குகிறோம்.

வெளியீடு. 1 என்று போட்டால் பொருள் உடனே கடையில் தெரியும். -1 என்று போட்டால் வரைவாக நமக்கு மட்டும் தெரியும். முதல் தடவை எல்லாவற்றுக்கும் -1 போடுங்கள். அந்தச் சகோதரியின் கடையில் அன்று -1 இருந்திருந்தால் ஓர் ஆர்டரும் வந்திருக்காது.

விலை. வெறும் எண் மட்டும். ரூபாய்க் குறியும் வேண்டாம், ஆயிரத்துக்கு நடுவே காற்புள்ளியும் வேண்டாம். 2,400 அல்ல, 2400. தள்ளுபடி விலைக்குத் தனிப் பத்தி உண்டு. தள்ளுபடி தொடங்கும் நாள், முடியும் நாள் இரண்டுக்கும்கூடப் பத்திகள் உண்டு. பெருநாள் தள்ளுபடி கொடுப்பவர்கள் முடியும் நாளையும் எழுதிவிட்டால், பெருநாள் கழிந்த பிறகும் பழைய தள்ளுபடி தொங்கிக்கொண்டிருக்காது.

இருப்பு. கையில் எத்தனை இருக்கிறதோ அந்த எண். ஒன்றும் இல்லையென்றால் 0 என்று எழுத வேண்டும். கட்டத்தை வெற்றாக விட்டால் ‘இருப்புக் கணக்கு வேண்டாம்’ என்று கடை எடுத்துக்கொள்ளும். இல்லாத பொருளையும் விற்றுக்கொண்டே இருக்கும். பணம் வாங்கிவிட்டுப் பொருள் இல்லை என்று சொல்வதைவிட, முதலிலேயே 0 போடுவது நல்லது.

பிரிவு. பெரிய பிரிவுக்குள் சிறிய பிரிவு வந்தால் நடுவே > குறி போட வேண்டும். பெண்கள் ஆடை > அபாயா என்பது போல. எழுத்துப்பிழை இருந்தால் கடை அதைப் புதுப் பிரிவாகவே உருவாக்கிவிடும். ‘அபாயா’ என்று ஒரு பிரிவு, ‘அபயா’ என்று இன்னொரு பிரிவு என்று கடை இரண்டுபடும்.

படம். படத்தை அல்ல, படத்தின் இணைய முகவரியைத்தான் எழுத வேண்டும். முதலில் படங்களைக் கடையின் ‘மீடியா’ பகுதியில் ஏற்றி, ஒவ்வொன்றின் முகவரியையும் நகலெடுத்து ஒட்டுங்கள். இரண்டு மூன்று படங்கள் இருந்தால் காற்புள்ளியால் பிரியுங்கள். முதலில் வருவதே முகப்புப் படம். கூகுள் டிரைவில் ‘ஷேர்’ செய்யும் முகவரியை ஒட்டினால் வேலை செய்யாது. அது படம் வைத்திருக்கும் பக்கத்தின் முகவரி, படத்தின் முகவரி அல்ல. படத்தின் பெயர் இடைவெளி இல்லாமல் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருந்தால் தொல்லை குறைவு. கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல் அளவைக் குறைத்து ஏற்றுங்கள்.

விவரம். துணி என்ன, நீளம் எவ்வளவு, துவைத்தால் சாயம் போகுமா, தின்பண்டமானால் என்ன சேர்ந்திருக்கிறது, எத்தனை நாள் தாங்கும் என்பதை எழுதுங்கள். கடைக்கு நேரில் வருபவர் துணியைத் தொட்டுப் பார்ப்பார், குறையிருந்தால் கண்டுகொள்வார். இணையத்தில் வாங்குபவருக்கு நம் எழுத்துதான் கண்ணும் கையும். அளவில் குறைக்கக் கூடாது, குறையை மறைக்கக் கூடாது என்று சிறு வயதிலேயே நமக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம் இந்தக் கட்டத்துக்கும் பொருந்தும்.

அளவு பிரியும் பொருள்கள்

நம் சகோதரிகள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஒரே அபாயா 52, 54, 56, 58 என்று நான்கு நீளங்களில் இருக்கிறது. இதற்கு நான்கு தனிப் பொருள்கள் தேவையில்லை. ஒரு தாய் வரி, நான்கு பிள்ளை வரிகள் என்று எழுத வேண்டும்.

தாய் வரியில் வகை ‘வேரியபிள்’. அதற்கு ஒரு சரக்கு எண். பண்புப் பெயர் என்ற பத்தியில் ‘அளவு’, பண்பு மதிப்பு என்ற பத்தியில் 52, 54, 56, 58 என எல்லா அளவுகளும். இந்த வரியில் விலை வேண்டாம்.

அதன் கீழே நான்கு பிள்ளை வரிகள். வகை ‘வேரியேஷன்’. ஒவ்வொன்றுக்கும் தனிச் சரக்கு எண், தனி விலை, தனி இருப்பு. பண்பு மதிப்பில் அந்த வரிக்குரிய ஓர் அளவு மட்டும். ‘பேரன்ட்’ என்ற பத்தியில் தாய் வரியின் சரக்கு எண்ணை எழுத வேண்டும். இந்த எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் பிள்ளை தாயிடம் போய்ச் சேராது. இப்படிச் செய்தால் 54 தீர்ந்து 56 மட்டும் இருக்கும்போது கடை அதைச் சரியாகக் காட்டும்.

எக்செல் செய்யும் ‘உதவிகள்’

எக்செல் நமக்கு உதவுவதாக நினைத்து, எழுதியதை மாற்றிவிடும். நாம் பார்த்த வகைகள் இவை.

வளையல் அளவு. நம் கடைகளில் 2.4, 2.6, 2.8, 2.10 என்று எழுதுகிறோம். புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம் அல்ல, அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. 2.10 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் பத்துப் பங்கும். இது எக்செல்லுக்குத் தெரியாது. கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று 2.10-ஐ 2.1 ஆக்கிவிடும். பெரிய கைக்கு அளவு தேடுபவருக்கு அந்த வளையல் கண்ணிலேயே படாது. சரி, 2-4 என்று கோடு போட்டு எழுதலாம் என்றால், அதைத் தேதியாக மாற்றிவிடும்.

தேதி போலத் தெரியும் சரக்கு எண். மருதாணி என்பதன் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளோடு 12 சேர்த்து எண் வைத்தால், எக்செல் அதை மார்ச் 12 என்று எடுத்துக்கொள்ளும். இது நம் போன்றவர்களுக்கு மட்டும் நேரும் தொல்லை அல்ல. மார்ச், செப்டம்பர் மாதப் பெயர்களைப் போலத் தெரிந்த சில மனித மரபணுக்களின் பெயர்களை ஆராய்ச்சியாளர்களின் அட்டவணைகளில் எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் பன்னாட்டுக் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது.

முன்னால் வரும் பூஜ்யம். 0045 என்பது 45 ஆகிவிடும்.

நீண்ட எண். பொட்டலத்தில் உள்ள 13 இலக்கப் பட்டைக்குறி எண்ணை எழுதினால், 8.9 என்று தொடங்கி நடுவில் ஆங்கில ‘ஈ’ எழுத்துடன் சுருங்கிவிடும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் பின் இலக்கங்கள் போனது போனதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றே. எழுதத் தொடங்குவதற்கு முன், சரக்கு எண், அளவு, பட்டைக்குறி ஆகிய பத்திகளைத் தேர்ந்தெடுத்து ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். கூகுள் ஷீட்ஸில் இது ‘பிளெய்ன் டெக்ஸ்ட்’. எழுதிய பிறகு மாற்றினால் போனது திரும்பி வராது.

தமிழ் எழுத்து. எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது; அதையே எடுங்கள். கூகுள் ஷீட்ஸில் இறக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று. சிஎஸ்வி கோப்பில் ‘இது டெக்ஸ்ட்’ என்ற குறிப்பு எதுவும் தங்காது. சேமித்த கோப்பைச் சரிபார்க்கிறேன் என்று எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்து மறுபடி சேமித்தால், மேலே சொன்ன தொல்லைகள் எல்லாம் திரும்ப வரும். ஆகவே மூலப் பட்டியல் எப்போதும் எக்செல் கோப்பாகவோ கூகுள் ஷீட்டாகவோ இருக்கட்டும். திருத்தம் எல்லாம் மூலத்தில்தான். சிஎஸ்வி என்பது சரக்கைக் கடை வரைக்கும் கொண்டுபோகும் வண்டி மட்டுமே.

வரிசைப்படுத்தும்போது பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுங்கள். ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்தால், பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்கும். சேர்க்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைப் படிக்காமல் அழுத்தியதுதான் நாம் முதலில் சொன்ன சகோதரியின் இழப்புக்குக் காரணம்.

ஏற்றும் முறை

முதலில், கடையில் ஏற்கெனவே இருப்பதை எக்ஸ்போர்ட் செய்து, தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். ஏற்றியதைத் திரும்ப எடுக்க ஒரு பொத்தான் கிடையாது. தவறு நடந்தால் பழைய கோப்பை மறுபடி ஏற்றித்தான் சரிசெய்ய வேண்டும்.

இரண்டாவது, மூன்று பொருள்களை மட்டும் வைத்து ஒரு சோதனைக் கோப்பு தயாரியுங்கள். சாதாரணப் பொருள் ஒன்று, அளவு பிரியும் பொருள் ஒன்று, நீண்ட தமிழ் விவரம் உள்ள பொருள் ஒன்று. ‘பிராடக்ட்ஸ்’ பக்கத்தில் ‘இம்போர்ட்’ அழுத்தி, கோப்பைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த பக்கத்தில் எந்தப் பத்தி எதற்கு என்று கடை காட்டும். ஒவ்வொன்றையும் நிதானமாகப் பாருங்கள். வேண்டாத பத்திக்கு ‘டு நாட் இம்போர்ட்’ என்று விடுங்கள். பிறகு ஏற்றுங்கள்.

மூன்றாவது, அந்த மூன்றையும் கைப்பேசியில் திறந்து பாருங்கள். வாங்குபவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில்தானே பார்க்கிறார்கள்? எல்லாம் சரியாக இருந்தால் மீதியை ஏற்றுங்கள். ஏற்றும்போதே படங்களும் வந்து சேர்வதால் நேரம் எடுக்கும். நடுவில் நின்றுவிட்டால் பட்டியலை ஐம்பது ஐம்பதாகப் பிரித்துக்கொள்ளலாம். தாய் வரியும் அதன் பிள்ளை வரிகளும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

நான்காவது, எண்ணுங்கள். முடிந்ததும் எத்தனை ஏறின, எத்தனை தவறின என்று கடை சொல்லும். பட்டியலில் உள்ள எண்ணிக்கையோடு அது ஒத்துப்போக வேண்டும். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில், பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லாததால், ஏறக்குறைய 16,000 கொரோனா நோயாளிகளின் விவரங்கள் பல நாள்கள் கணக்கில் சேராமல் விடுபட்டன. வரி விடுபட்டது அப்போது யாருக்கும் தெரியவில்லை. நம் கடையில் விடுபடுவது நாலு மக்கனாவாக இருக்கலாம், எண்ணினால்தான் தெரியும்.

கடைசியாக, வேறொருவரை அழைத்துப் பத்துப் பொருள்களின் விலையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பட்டியலை எழுதியவர் கண்ணுக்குத் தம் பிழை தெரியாது. விலை தெரிந்தவர் சகோதரி, கணினி தெரிந்தவர் பையன் என்றால், இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். அதற்குப் பிறகே வெளியீட்டை 1 ஆக்குங்கள்.

விலையும் இருப்பும் மாறும்போது

இந்த முறையின் உண்மையான பலன் இங்கேதான் தெரியும். துணி விலை ஏறிவிட்டது, அறுபது அபாயாக்களின் விலையை மாற்ற வேண்டும் என்றால், இரண்டே பத்திகள் கொண்ட கோப்பு போதும்: சரக்கு எண், புதிய விலை. ஏற்றும்போது ‘ஏற்கெனவே உள்ள பொருள்களைப் புதுப்பி’ என்ற கட்டத்தில் மறக்காமல் குறியிடுங்கள். கடையில் இல்லாத சரக்கு எண் இருந்தால் அந்த வரியைக் கடை தாண்டிப் போய்விடும்.

மாற்றாத பத்திகளைக் கோப்பில் வைக்கவே வேண்டாம். விலையை மாற்றப் போய், பழைய இருப்பையும் சேர்த்து ஏற்றினால், இடையில் விற்றவை எல்லாம் மறுபடி கையில் இருப்பது போலக் காட்டும். வீட்டில் நேரிலும் விற்பவர்கள், அன்றைய கணக்கை எழுதும்போதே மூலப் பட்டியலிலும் இருப்பைக் குறைத்து, இரவில் இருப்பை மட்டும் ஏற்றலாம். ஆனால் அன்று இணையத்தில் விற்றதையும் முதலில் கழித்துக்கொள்ளுங்கள்.

நிறைவாக

அந்தச் சகோதரி கடையை மூடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். இப்போது அவர் வீட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: பழையதைப் பத்திரப்படுத்து, மூன்றை ஏற்றிப் பார், எண்ணு, இன்னொருவரிடம் காட்டு, பிறகு திற. பட்டியலைப் பையன் தயாரிக்கிறான். விலைப் பத்தியை அவர் தம் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கிறார். ஒரு மணி நேரம் ஆகிறது. முன்பு முப்பது பொருளுக்கு மூன்று இரவுகள் ஆயின.

இணையக்கடை வைத்திருப்பவர்களும் தொடங்க நினைப்பவர்களும் முதலில் ஒரு மூலப் பட்டியலை எழுதத் தொடங்குங்கள். கடை திறக்கும் முன்பே அதை எழுதலாம். கையில் என்ன இருக்கிறது, எதற்கு என்ன விலை என்று அந்தப் பட்டியலே உங்களுக்குச் சொல்லும். பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தொடங்காமல், ஷஅபான் மாதத்திலேயே தொடங்கினால் அவசரத்தில் பிழை நேராது. இன்ஷா அல்லாஹ், வியாபாரம் சிறக்கட்டும்.